‘முதியோர் கல்வி’ – சொல்லும் பொருளும்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

தமிழில் ‘முதியோர் இல்லம்’ என்றால் அகவை முதிர்ந்தோர் தங்கும் இடம். ‘முதியோர் உதவித்தொகை’ என்றால் அகவை முதிர்ந்தோர்க்கு அரசு வழங்கும் தொகை. ஆனால் ‘முதியோர் கல்வி’ என்ற தொடர் நெடுங்காலமாக அகவை முதிர்ந்தோரைக் குறித்ததில்லை. பள்ளிப் பருவம் கடந்தவர்க்கு, குறிப்பாகப் பதினைந்து முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ளோர்க்கு, எழுத்தறிவு அளிக்கும் திட்டங்களையே அது குறித்தது. ஒரே சொல் மூன்று தொடர்களுள் இரு வேறு வயதினரைச் சுட்டுவது வெறும் சொற்பொருள் வேறுபாடன்று; யாருக்குக் கல்வி உரியது என்பது குறித்து ஒரு காலம் கொண்டிருந்த முடிவும் அதில் பொதிந்துள்ளது.

இம்முடிவின் விளைவுகளைத் தெளிவாகக் காண்பதற்கு ஏற்ற களம், கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த எல்லைச் சிற்றூர்களாகும். அங்கு வயது வரம்போடு மொழி வரம்பும் சேர்ந்தே செயற்பட்டது. முதியவர்கள் கற்கும் வகுப்புகளும் கூடல்களும் இப்பகுதியில் எவ்வாறு அமைந்தன, அவற்றின் வாயில்கள் யாருக்குத் திறந்தன, யாருக்கு மூடின, அவற்றைக் குறிக்க இரு மொழிகளிலும் வழங்கிய சொற்கள் எவற்றைக் காட்டின, எவற்றை மறைத்தன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. நிலமும் மொழியும்

நெய்யாற்றின்கரை வட்டம் பழைய திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியைச் சேர்ந்தது. அதன் தெற்கே விளவங்கோடு, கல்குளம், அகத்தீசுவரம், தோவாளை ஆகிய வட்டங்கள் இருந்தன. மாநிலச் சீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று இந்நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. மார்ஷல் நேசமணி தலைமையேற்ற திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசின் போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூடும் இவ்வெல்லை உருவான வரலாற்றில் நன்கறியப்பட்ட நிகழ்ச்சிகள்.

இன்று கேரளத்தின் இஞ்சிவிளைக்கும் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கும் இடையே செல்வது நெடுஞ்சாலையின் ஒரு சிறு நீளமே. பாறசாலை, காரோடு, செங்கல், கொல்லயில், குன்னத்துகால், வெள்ளறடை முதலிய ஊராட்சிகள் எல்லையை ஒட்டியோ அதற்கு அணித்தாகவோ அமைந்துள்ளன. கொள்வினை கொடுப்பினையும் சந்தையும் வழிபாடும் எல்லைக்கு இருபுறமும் தொடர்வன. பேச்சும் அவ்வாறே. விளவங்கோட்டுத் தமிழில் குடிக்கும் நீரை ‘வெள்ளம்’ என்பர். மலையாளத்திலும் அது வெள்ளமே. பொதுத் தமிழில் மட்டுமே அச்சொல் பெருக்கைக் குறிக்கும். ஒரு வீட்டுக்குள்ளேயே பாட்டி ஒரு மொழியிலும் பேரன் மற்றொரு மொழியிலும் பேசி, இருவரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொள்ளும் நிலை இத்தகைய எல்லைகளின் இயல்பு.

மாநிலச் சீரமைப்புக் குழு 1955இல் அளித்த அறிக்கை, ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு மொழியைப் பேசும் மாநிலத்தையே ஒருமொழி மாநிலமாகக் கருதலாம் என்ற அளவுகோலைக் கொண்டிருந்தது. இத்தகைய அளவுகோல் மக்களை எண்ணும்பொழுது ஒருவர்க்கு ஒரு தாய்மொழி என்றே எண்ணும். இருமொழியினராய் வாழ்ந்தவரை ஏதேனும் ஒரு பக்கத்தில் நிறுத்தும். எல்லைச் சிற்றூர்களில் பின்னர் எழுந்த கல்விச் சிக்கல்களுக்கு இவ்வெண்ணல் முறையே தோற்றுவாய் எனலாம்.

2. வயது வரம்பு கருதாத பழைய களங்கள்

எழுத்தும் கல்வியும் இப்பகுதிக்குப் புதியன அல்ல. விளவங்கோடு வட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9ஆம் நூற்றாண்டில், காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்க்கு ஒரு சாலை நிறுவியதை அவனுடைய செப்பேடு தெரிவிக்கிறது. அங்குச் சேர்வோர் இலக்கணம் முதலிய துறைகளில் பெற்றிருக்கவேண்டிய பயிற்சியையும், உள்ளுறைவோர்க்குரிய ஒழுக்க விதிகளையும் அது விரிவாக வகுக்கிறது. அக்கல்வி ஒரு சிறு குழுவினர்க்கே உரியதாயிருந்தது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். பிற்காலத்தில் ஆசான்கள் நடத்திய குடிப்பள்ளிகளில் மணலில் விரலால் எழுதிப் பழகும் முறை நிலவியது. 1817இல் இராணி கௌரி பார்வதி பாய், குடிமக்களின் கல்விச் செலவை அரசு ஏற்கவேண்டும் என அறிவித்தார். எனினும் அவ்வாயிலுக்குள் சாதியின் தடை நெடுங்காலம் நீடித்தது.

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் மிஷன் சங்கம் மயிலாடி, நாகர்கோவில், நெய்யூர், பாறசாலை ஆகிய இடங்களில் நிலையங்களை அமைத்தது. பாறசாலையில் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் தம் 22 ஆண்டு அனுபவங்களை 1870இல் நூலாக வெளியிட்டார். சங்கத்தின் பள்ளிகள் சிறுவர்க்குரியன. ஆனால் திருச்சபையில் சேர்ந்த பெரியவர்களும் திருமறையைக் கேட்டும் மனப்பாடம் செய்தும், இயன்றவர் எழுத்துக் கூட்டி வாசித்தும் பழகினர். கற்பதற்கான நோக்கம் வேலை அன்று. தாம் போற்றும் ஒரு நூலைத் தம் கண்ணால் வாசித்தல். இந்நோக்கத்துக்கு வயது வரம்பு கிடையாது. முதியவர்கள் எதற்காகக் கற்க விரும்புகின்றனர் என்ற வினாவுக்கு இவ்வட்டாரம் தரும் பழைய விடைகளுள் இஃது ஒன்று.

நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில் 1888இல் நிகழ்ந்த பிரதிட்டையைத் தொடர்ந்து பரவிய ஸ்ரீநாராயண குருவின் இயக்கமும் ஈண்டு நோக்கத்தக்கது. மலையாளம், தமிழ், வடமொழி ஆகிய மூன்றிலும் பாடல் இயற்றியவர் அவர். அவரைச் சூழ்ந்தோர்க்கு இம்மொழிகள் ஒன்றையொன்று விலக்குவனவாக இருந்தில. அதே வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863 – 1941), ஒடுக்கப்பட்டோரின் குழந்தைகள் பள்ளியில் சேர்வதற்காக வயல் வேலையை நிறுத்தும் போராட்டத்தையே நடத்தினார். அவரோ எழுத்தறியும் வாய்ப்புப் பெறாதவர். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை, தனக்குக் கிட்டாத கல்வியைத் தன் மக்களுக்குப் பெற்றுத் தந்தது. ஆயின் அத்தலைமுறைக்குக் கல்வி அளிக்கும் பொறுப்பை யாரும் ஏற்கவில்லை. கைக்கெட்டிய வளமெல்லாம் குழந்தைகளுக்கே என்ற இம்முறைமை, பின்வந்த அரசுத் திட்டங்களிலும் தொடர்ந்தது.

பாறசாலைக்குத் தெற்கே உள்ள மார்த்தாண்டத்தில் இளைஞர் கிறித்தவச் சங்கத்தின் கிராமப் புனரமைப்பு நிலையம் 1920களில் தோன்றியது. அதனை நடத்திய டி. ஸ்பென்சர் ஹாட்ச், ஆன்மிகம், அறிவு, உடல்நலம், சமூகம், பொருளாதாரம் என ஐம்முகத் திட்டம் ஒன்றை வகுத்துக்கொண்டார். கோழி வளர்ப்பும் தேனீ வளர்ப்பும் அந்நிலையத்துக்குப் புகழ் தேடித் தந்தன. வளர்ந்தவர் கற்பது தம் தொழிலோடும் ஊர்க் கூட்டத்தோடும் இணைந்தே நிகழும் என்ற கொள்கை, ‘வாழ்நாள் கல்வி’ என்ற தொடர் பிறப்பதற்கு முன்பே இவ்வட்டாரத்தில் நடைமுறையில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

3. நூல்நிலையங்கள்: ஒரே எல்லை, இரு முறைகள்

1945இல் பி. என். பணிக்கர் அம்பலப்புழையில் கூட்டிய மாநாட்டிலிருந்து திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் உருவானது. ஊரார் தாமே கூடி அமைத்து, தாமே நிருவகிக்கும் நூல்நிலையங்கள் இதன் உறுப்புகள். கேரளம் உருவான பின்னர் இது கேரள கிரந்தசாலை சங்கமாயிற்று. எழுத்தறிவுப் பணிக்காக 1975இல் யுனெஸ்கோவின் குரூப்ஸ்கயா விருதுச் சிறப்பைப் பெற்றது. 1977இல் அரசு சங்கத்தின் பொறுப்பை ஏற்றபின், பணிக்கர் முறைசாராக் கல்விக்கென ‘கான்ஃபெட்’ என்னும் அமைப்பைத் தொடங்கினார். 1995 ஜூன் 19 அன்று அவர் மறைந்தார். அந்நாள் இன்று வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எல்லைக்கு அப்பால் நிலை வேறு. சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948இலேயே நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இத்தகைய சட்டங்களுள் அதுவே முதலாவது. 1956க்குப் பின் கன்னியாகுமரி மாவட்டம் இம்முறைக்குள் வந்தது. நூலக வரியும் நூலக ஆணைக்குழுவும் கிளை நூலகமும் அரசுப் பணியாளரும் கொண்ட முறை அது. ஆகவே ஒரே பேச்சு வழக்கும் உறவும் உடைய சிற்றூர்களில், ஒருபுறம் உறுப்பினர் நடத்தும் வாசகசாலையும் மறுபுறம் துறை நடத்தும் கிளை நூலகமும் அமைந்தன.

முதியவர்களைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பொருளுடையது. வாசகசாலையில் நாளிதழை ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் கேட்பது இயல்பு. எழுத்தறியாத முதியவரும் அங்குக் கூட்டத்தின் ஓர் உறுப்பினர். பிற்காலத்தில் கேரள நூல்நிலையங்களில் சிறுவர்க்கான ‘பாலவேதி’, பெண்டிர்க்கான ‘வனிதாவேதி’ ஆகியவற்றோடு ‘வயோஜனவேதி’யும் அமைந்தது இம்மரபின் நீட்சியே. துறைசார் நூலகமோ நூல் வளத்திலும் நிலைபேற்றிலும் மேம்பட்டது. ஆயினும் அது வாசகரையே எதிர்பார்த்தது. கேட்போர்க்கு அங்கு இயல்பான இடம் அமையவில்லை.

இவ்விரு முறைகளிலும் மொழி தானாகவே முடிவாயிற்று. பாறசாலைப் பக்கத்து வாசகசாலைகளில் மலையாள நூல்கள். களியக்காவிளைப் பக்கத்தில் தமிழ் நூல்கள். திருச்சபையிலும் இதே போக்கைக் காணலாம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் தென்திருவிதாங்கூர்ப் பேராயம், 1959இல் தென் கேரளப் பேராயம், கன்னியாகுமரிப் பேராயம் என இரண்டாயிற்று. மாநில எல்லை வழிபாட்டு மொழியின் எல்லையாகவும் ஆகிவந்தது.

4. சொல்லின் வரலாறு

‘முதியோர் கல்வி’ என்ற தமிழ்த் தொடருக்கு இணையாக மலையாளத்தில் வழங்கியது ‘வயோஜன வித்யாப்யாசம்’. வடசொல் அமைப்பின்படி ‘வயஸ்’ என்பது அகவை. ‘வயோஜனம்’ என்பதற்கு ‘அகவை உற்ற மக்கள்’ எனப் பொருள் கொள்ளலாம். ஆனால் வழக்கில் அச்சொல் முதியவர்களையே குறிக்கும். ‘வயோஜன க்ஷேமம்’ என்றால் முதியோர் நலன். இந்தியில் ‘ப்ரௌட சிக்ஷா’ என்றனர். ‘ப்ரௌட’ என்பது முழு வளர்ச்சி அடைந்த நிலையைச் சுட்டும். அதாவது தமிழும் மலையாளமும் ஒரே பொருள் மயக்கத்துக்கு உட்பட்டன. இந்தி பெரும்பாலும் தப்பியது.

மலையாளத்தில் ‘முதிர்ந்நவர்’ என்ற சொல்லும் உண்டு. அது வளர்ந்தவர் அனைவரையும் குறிக்கும். ‘முதிர்ந்ந பௌரன்’ என்றால் மூத்த குடிமகன். தமிழ் ‘முது’ என்னும் அடியும் இவ்வாறே விரிந்த பொருளுடையது. முதுமொழி, முதுகலை, முதுநிலை என்பவற்றில் வயதைவிட நிறைவும் தேர்ச்சியும் முன்னிற்கின்றன. ‘முதியோர் கல்வி’ என்று பெயரிட்டோர் இந்நிறைவுப் பொருளை எண்ணியிருத்தல் கூடும். கேட்பவர் மனத்திலோ நரைத்த தலையே தோன்றும். இளைஞர் வகுப்புக்கு வரக் கூசியதற்கும், ‘இது எங்களுக்கானது’ என்று வந்த முதியவர் பட்டியலில் இடம்பெறாமல் போனதற்கும் இப்பெயர் இடமளித்தது.

பெயர்கள் அடுத்தடுத்து மாறின. விடுதலைக்குப் பின் ‘சமூகக் கல்வி’ என்ற தொடர் வந்தது. 1970களில் ‘பள்ளிசாராக் கல்வி’, ‘வயது வந்தோர் கல்வி’ என்பன வேரூன்றின. மலையாளத்தில் ‘அனௌபசாரிக வித்யாப்யாசம்’ என்றனர். 1988க்குப் பின் தமிழில் ‘எழுத்தறிவு’, ‘அறிவொளி’ என்பனவும், மலையாளத்தில் ‘ஸாக்ஷரத’ என்பதும் முன்னின்றன. ‘வயது வந்தோர்’ என்பது வாக்குரிமைச் சொற்களஞ்சியத்தின் வழியே வந்தது. அது கீழ் வரம்பைத் தெளிவாகச் சொல்கிறது. மேல் வரம்பு பற்றி எதுவும் சொல்லவில்லை. மேல் வரம்பைத் திட்ட ஆவணங்களே இட்டன.

5. வயது வரம்பின் கணக்கு

1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம் 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேரை இலக்காகக் கொண்டது. 1988இல் நிறுவப்பட்ட தேசிய எழுத்தறிவு இயக்கமும் அதே வயதினருள் 8 கோடிப் பேரை 1995க்குள் எழுத்தறிவு பெறச் செய்ய முனைந்தது. உற்பத்தியில் ஈடுபடும் வயதினர்க்கு முதலிடம் என்பதே இவற்றின் அடிப்படை.

கேரளம் இவ்வரம்பைப் பெரிதும் தளர்த்தியது. 1989இல் கோட்டயம் நகரும், 1990 பிப்ரவரி 4 அன்று எர்ணாகுளம் மாவட்டமும் முழு எழுத்தறிவு பெற்றனவாக அறிவிக்கப்பட்டன. எர்ணாகுளத்தில் 60 வயது வரையுள்ளோர் சேர்க்கப்பட்டனர். அதன் வழியில் நடந்த மாநிலம் தழுவிய ‘அக்ஷர கேரளம்’ திட்டத்தின் முடிவில், 1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டு மானாஞ்சிறையில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமென அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர் அவ்வியக்கத்தின் வழியே எழுத்தறிந்த மலப்புறம் மாவட்டத்து மூதாட்டி சேலக்கோடன் ஆயிஷா. தமிழ்நாட்டில் அறிவொளி இயக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-92இல் பெண்கள் மிதிவண்டி பழகும் இயக்கமாகவும் விரிந்தது. அங்கும் வயது வரம்பு இருந்தது.

இவ்வாண்டுகளை எல்லைப்பகுதி மனிதர் ஒருவரின் வாழ்நாளோடு பொருத்திக் காணலாம். 1930இல் நெய்யாற்றின்கரை வட்டத்தில் தமிழ் வழங்கும் வீடொன்றில் பிறந்து, பள்ளி செல்லாத ஒரு பெண்ணைக் கருதுவோம். மாநில எல்லை மாறியபோது அவருக்கு 26 வயது. 1978இல் 48, திட்டத்தின் மேல் வரம்பை 13 ஆண்டு கடந்துவிட்டார். 1988இல் 58. ‘அக்ஷர கேரளம்’ நிறைவுற்ற 1991இல் 60ஐத் தொட்டோ கடந்தோ நின்றார். ஒவ்வொரு வாயிலும் அவர் கடந்து சென்றபின்னரே திறந்தது. 1940இல் பிறந்தவர்க்கு 1978இல் 38, 1991இல் 51. அவர் ஒரு வாயிலை இழந்து மற்றொன்றில் நுழைந்திருக்கக்கூடும். 1950இல் பிறந்தவர் கேரளப் பள்ளியில் மலையாளம் கற்கும் வயதில் புதிய மாநிலத்தைச் சந்தித்தார்.

எனவே, இப்பகுதியில் தமிழைத் தன் முதல்மொழியாகப் பெரிதும் கொண்டிருந்த தலைமுறையும், வயது வரம்பால் வெளியே நின்ற தலைமுறையும் பெரும்பாலும் ஒன்றே. இஃது எவரும் திட்டமிட்டுச் செய்த விலக்கன்று. இரு வெவ்வேறு ஆவணங்களின் இரு வெவ்வேறு எண்கள் ஒரே மனிதரின் மேல் வந்து பொருந்தின. விழுக்காட்டுக் கணக்கில் இத்தகையோர் ஒரு சிறு மிச்சம். முழு எழுத்தறிவு என்ற அறிவிப்புக்கு அம்மிச்சம் தடையாவதில்லை. அவ்வறிவிப்பின் பெருமையைக் குறைப்பதற்காக இதனைக் கூறவில்லை. கணக்கு எங்கே முடிந்தது என்பதைக் காட்டவே கூறுகிறோம்.

6. எந்த எழுத்து?

எழுத்தறிவு என்பது எப்பொழுதும் ஒரு குறிப்பிட்ட எழுத்தின் அறிவே. அரசியலமைப்பின் 350-அ உறுப்பு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் வசதி செய்யவேண்டும் என்கிறது. 1956இல், மாநிலச் சீரமைப்பை ஒட்டியே, ஏழாவது திருத்தத்தின் வழி இது சேர்ந்தது. இவ்வுறுப்பு ‘குழந்தைகள்’ என்றே கூறுகிறது. முதன்முதலாக எழுத்துக் கற்கும் அறுபது வயதினர் கல்வியின் தொடக்க நிலையில்தான் உள்ளார். ஆயினும் இவ்வுறுப்பின் காப்பு அவர்க்கு இல்லை. 1969இன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசோடு கடிதத் தொடர்பு கொள்ள இடமளிக்கிறது. அவ்வுரிமையைப் பயன்படுத்த முதலில் அம்மொழியில் எழுதத் தெரிந்திருக்கவேண்டும்.

எழுத்து வடிவங்களும் இடையே மாறின. மலையாள எழுத்துச் சீர்திருத்தம் 1971இலும் தமிழ் எழுத்துச் சீர்திருத்தம் 1978இலும் நடைமுறைக்கு வந்தன. இளமையில் சிறிதளவு எழுத்துக் கூட்டப் பழகியிருந்த முதியவர், அக்காலப் பாடநூல்களில் தாம் அறிந்த னகர, லகர ஐகார வடிவங்களையோ, மலையாளக் கூட்டெழுத்துகளையோ காணவில்லை. அரைகுறையாக அறிந்ததும் அறியாததாயிற்று.

இன்னொரு சிக்கல் பாடநூலின் மொழி. எழுத்தறிவு இயக்கத்தின் புதிய முறை மூன்று படிநிலை நூல்களையும் ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சியையும் கொண்டது. கற்பவர்க்குப் பழகிய சொல்லிலிருந்து எழுத்தைப் பிரித்துக் காட்டுவதே அதன் உயிர்நாடி. எல்லைச் சிற்றூரில் பழகிய சொல் எம்மொழிச் சொல்? ‘வெள்ளம்’ என்ற சொல்லைத் தமிழ்ப் பாடநூல் பெருக்குக்கும் மலையாளப் பாடநூல் குடிநீருக்கும் தரும். தமிழ் பேசும் எல்லைப்புற மூதாட்டிக்கு இவ்விடத்தில் மலையாளப் பாடநூலே தம் வீட்டுச் சொல்லைத் தருகிறது. வேறு இடங்களில் நிலை மாறும். இரு தரநிலை மொழிகளும் அவர்க்கு ஓரளவு அயலவை, ஓரளவு தம்முடையவை.

மேலும், மலையாளத்தில் ‘படிக்குக’ என்பது கற்றல். ‘வாயிக்குக’ என்பது வாசித்தல். தமிழில் ‘படி’ இரண்டையும் தழுவும். ‘எனக்குப் படிக்கத் தெரியாது’ என்று ஒரு முதியவர் சொன்னால், வாசிக்கத் தெரியாது என்பதா, கற்கும் திறன் இல்லை என்பதா? கணக்கெடுப்பவரும் மொழிபெயர்ப்பவரும் எச்சரிக்கையோடு கொள்ளவேண்டிய இடம் இது.

கற்ற மொழியும் பேசும் மொழியும் வேறாதல் இவ்வட்டாரத்துக்கு இழிவன்று என்பதற்குச் சான்றுகள் உள. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை (1876 – 1954) பள்ளியில் மலையாளம் கற்றவர். தமிழைச் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே பயின்றார். தேங்காப்பட்டணத்துத் தோப்பில் முகம்மது மீரான் (1944 – 2019) மலையாள வழியில் பயின்று, பின்னர்த் தமிழ் நாவலாசிரியராகி, ‘சாய்வு நாற்காலி’க்காக 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பள்ளி தராத எழுத்தைப் பிற்காலத்தில் கைக்கொள்ளுதல் இயலும் என்பதை இவர்கள் வாழ்வு காட்டும். ஆயினும் அதற்கு ஓர் ஆசானோ ஒரு வட்டமோ வேண்டியிருந்தது. சிற்றூர் முதியவர்க்கும் வேண்டுவது அதுவே.

இங்கு எதிர்க்கருத்து ஒன்றையும் நேர்மையோடு எண்ணுதல் வேண்டும். கேரளத்தில் வாழும் முதியவர்க்கு ஓய்வூதிய விண்ணப்பமும் பேருந்துப் பலகையும் பேரக்குழந்தையின் பாடநூலும் மலையாளத்தில் உள்ளன. கைநாட்டை விடுத்துக் கையொப்பமிட விரும்புவோர் மலையாளத்தில் இட விரும்பினால் அது நியாயமே. தமிழ்ப் பற்றின் பெயரால் அவர்க்குத் தமிழெழுத்தையே விதிப்பதும் ஒரு வரம்புதான். எந்த எழுத்து என்ற தெரிவு கற்பவருடையதாக இருத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நிலை.

7. வரம்பு நீங்கிய காலம்

1998இல் கேரள மாநில எழுத்தறிவு இயக்க ஆணையம் தன்னாட்சி அமைப்பாயிற்று. தொடர்கல்வி மையங்களும் நான்காம், ஏழாம், பத்தாம் வகுப்புகளுக்கும் மேனிலைக்கும் உரிய ‘துல்யதா’ வகுப்புகளும் ஊராட்சிதோறும் பரவின. பத்தாம் வகுப்பு நிகர்நிலைத் தேர்வு மலையாளத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் அமைந்தது, மொழி வரம்பு சிறிது நெகிழ்ந்ததைக் காட்டும்.

வயது வரம்பு முற்றிலும் நீங்கியது 2018இல் தொடங்கிய ‘அக்ஷரலக்ஷம்’ திட்டத்தில் எனலாம். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்த தேர்வில் ஆலப்புழை மாவட்டத்து கார்த்தியாயினி அம்மாள் தம் 96ஆம் வயதில் 100க்கு 98 மதிப்பெண் பெற்றார். கொல்லத்துப் பாகீரதி அம்மாள் தம் 105ஆம் வயதில் நான்காம் வகுப்பு நிகர்நிலைத் தேர்வெழுதி, 275க்கு 205 பெற்றுத் தேறினார். இருவரும் நடுவணரசின் பெண்ணாற்றல் விருதைப் பெற்றனர். 2021இல் கோட்டயத்துக் குட்டியம்மாள் 104ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வில் 100க்கு 89 பெற்றார். 15 முதல் 35 என்று எண்ணிய ஆவணங்கள் நினைத்தும் பாராத கற்பவர்கள் இவர்கள். அவர்களுள் எவரும் வேலைக்காகக் கற்கவில்லை.

ஊராட்சிகளின் ‘பகல்வீடு’களும், 1998இல் தோன்றிய குடும்பஸ்ரீயின் அயல்கூட்டங்களும் முதியோர் கூடுமிடங்களாயின. 2017இல் பிறமாநிலத் தொழிலாளர்க்கு மலையாளம் கற்பிக்க ‘சங்ஙாதி’ என்ற திட்டம் எழுந்தது. அதன் பாடநூலின் பெயர் ‘ஹமாரி மலயாளம்’. கற்பவரின் மொழியை ஏணியாகக் கொண்டு பிறிதொரு மொழிக்குச் செல்லும் முறை கேரளத்துக்குத் தெரியாததன்று என்பதற்கு அப்பெயரே சான்று. வடநாட்டுத் தொழிலாளர்க்கு அமைந்த அவ்வேணி, எல்லையில் பிறந்து அங்கேயே முதிர்ந்த தமிழர்க்கும் அமைதல் கூடும். 2025 ஆகஸ்டில் கேரளம் முழு மின்னணு எழுத்தறிவு மாநிலமென அறிவித்தபோது, 90 வயது கடந்தோரும் அப்பயிற்சியில் சேர்க்கப்பட்டிருந்தனர்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 60 வயது கடந்தோர் இந்தியாவில் 8.6 விழுக்காடு, தமிழ்நாட்டில் 10.4, கேரளத்தில் 12.6. எல்லைக்கு இருபுறமும் உள்ளவை நாட்டில் விரைந்து முதிரும் மாநிலங்கள். பிரான்சின் துலூஸ் நகரில் 1973இல் தொடங்கிய ‘மூன்றாம் வயதுப் பல்கலைக்கழகம்’ ஓய்வு பெற்றோர்க்கு உரியது. அங்குச் சேர்வோர் எழுத்தறிந்தோர். எல்லைச் சிற்றூரின் தேவை இரட்டை: முதல் எழுத்தும் வேண்டும், ஓய்வுக் காலத்துத் தோழமையும் வேண்டும்.

8. மொழிபெயர்ப்பாளர் கருதவேண்டுவன

2022இல் நடுவணரசு புதிய எழுத்தறிவுத் திட்டத்தை அறிவித்தபோது, ‘வயது வந்தோர் கல்வி’ என்ற பெயர் 15 வயதுக்கு மேற்பட்ட எழுத்தறியாதோர் அனைவரையும் சரிவரத் தழுவவில்லை எனக் கூறி, ‘அனைவருக்கும் கல்வி’ என்னும் பொருள்படும் தொடரை ஏற்றது. ஒரு பெயரின் குறையை அரசே ஒப்புக்கொண்டமை சொல்லாய்வாளர்க்கு மகிழ்ச்சி தருவது. ஆனால் தமிழில் ‘அனைவருக்கும் கல்வி இயக்கம்’ என்பது 2001 முதல் 6 முதல் 14 வயதுக் குழந்தைகளின் பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு வழங்கிய பெயர். அதையே இங்கும் இட்டால் மூதாட்டி மீண்டும் பெயருக்குள் மறைந்துபோவார். ‘முதியோர் கல்வி’ இளைஞரைக் குறித்தது. ‘அனைவருக்கும் கல்வி’ குழந்தைகளைக் குறித்தது.

இவ்வகையில் சில வேறுபாடுகளைப் போற்றுதல் நன்று. பள்ளிப் பருவம் கடந்தோர் அனைவர்க்கும் உரியதை ‘வயது வந்தோர் கல்வி’ என்றும், வாழ்வின் எல்லாப் பருவங்களையும் தழுவுவதை ‘வாழ்நாள் கல்வி’ என்றும், அகவை முதிர்ந்தோர் கற்பதை மட்டும் ‘முதியோர் கல்வி’ என்றும் வரையறுத்து வழங்கலாம். மலையாளத்திலிருந்து பெயர்க்குங்கால், ‘வயோஜன வித்யாப்யாசம்’ 1990க்கு முற்பட்ட ஆவணத்தில் வந்தால் ‘வயது வந்தோர் கல்வி’ என்றும், இன்றைய ஊராட்சி ஆவணத்தில் ‘வயோஜன’ என வந்தால் ‘முதியோர்’ என்றும் கொள்வதே பெரும்பாலும் பொருந்தும். ‘ஸாக்ஷரத’ என்பதை ‘எழுத்தறிவு’ எனலாம். ‘அறிவொளி’ என்பது ஓர் இயக்கத்தின் பெயராதலின் அதற்கு நேராகாது. ‘துல்யதா’ என்பதற்கு ‘நிகர்நிலை’ தகும். ஆயினும், ‘நிகர்நிலைப் பல்கலைக்கழகம்’ என்ற வழக்கோடு மயங்காதபடி ‘நிகர்நிலைத் தேர்வு’ என முழுத் தொடராய் எழுதுதல் வேண்டும்.

முடிவுரை

எல்லைச் சிற்றூர்களின் வரலாறு காட்டுவது இதுவே: வேண்டுதலும் வழிபாடும் வாசகசாலையும் கொண்டு கற்ற காலத்தில் வயது தடையாக இருந்ததில்லை, சாதியே தடையாக இருந்தது. அரசுத் திட்டங்கள் சாதித் தடையைப் பெரிதும் கடந்தன. ஆனால் வயதையும் மொழியையும் எண்களாக்கி வரம்பிட்டன. அவற்றுள் வயது வரம்பு 2018க்குப் பின் நீங்கியது. மொழி வரம்பு நெகிழ்ந்துள்ளதே அன்றி நீங்கவில்லை. 1930களில் பிறந்தோர் இன்று தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ நிற்கின்றனர். அவர்கள் விரும்பும் எழுத்தில் ஒரு கையொப்பமும் அவர்கள் பேச்சில் ஒரு பாடநூலும் அமைப்பது பெருஞ்செலவுடைய செயலன்று. எல்லைப் பேச்சை அறிந்த மொழியியலாரும் இரு மொழியும் வல்ல மொழிபெயர்ப்பாளரும் கூடிச் செய்யத்தக்க பணி அது. அதற்கு எஞ்சியுள்ள காலமோ குறுகியது.